இருபத்தெட்டு டிகிரி

மறுபடியும் நீளமாகத்தான் போகிறது. எண்ணெயைச் சீற்றுகிற நாசிலைக் கழற்றி வேறு நாசில் போட்டாயிற்று, ஃபில்டரை மாற்றியாயிற்று, அழுத்தத்தை இரண்டு முறை சரிபார்த்தாயிற்று, இருந்தும் கேமராத் திரையில் எண்ணெய்ச் சீறல் அதே வெள்ளைக் கோடு. மேலே துளையிலிருந்து கிளம்பி, விரியாமல், உடையாமல், ஒரு கம்பியை யாரோ இறக்குகிற மாதிரி நேராக இறங்கி, கண்ணாடி அறையின் அடித்தட்டில் போய் இடித்து வழிகிறது. டீசல் இப்படிப் போகாது. டீசல் விரற்கடை தூரம் போனதும் அகலமாகி, தூளாகி, கடைசியில் புகை மாதிரி ஆகிவிடும். அப்படி ஆனால்தான் காற்றோடு கலக்கும், கலந்தால்தான் எரியும். இந்தக் கலவையில் நூற்றுக்கு நாற்பது பங்கு டீசல் இல்லை, புங்க எண்ணெயில் இருந்து எடுத்த பயோடீசல். அது கொஞ்சம் கனம், கொஞ்சம் பிசுக்கு, துளியாக உடைய மனசில்லாத சாமான். உடையாவிட்டால் பெரிய துளி, பெரிய துளி என்றால் வேகம் குறையாது, வேகம் குறையாவிட்டால் எதிரே இருக்கிற சுவரில்தான் போய் விழும். இதையே ஏழு வருஷமாக வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இரண்டாம் பருவம், மூன்றாவது யூனிட், பையன்கள் கொட்டாவி விடுகிற மதிய நேரத்தில். ஏழு வருஷமாக இதே ஆராய்ச்சி, வேலைக்கு நடுவே, பேப்பர் திருத்துவதற்கு நடுவே, வீட்டுக்காரர் செல்வினுக்கு மஸ்கட்டுக்கு போன் பேசுவதற்கு நடுவே. லில்லி புஷ்பம், வயது நாற்பத்தாறு, மெக்கானிக்கல் துறை உதவிப் பேராசிரியர், இன்னும் டாக்டர் ஆகாதவள். கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி, இந்தப் படங்களைத் திரும்ப ஒருமுறை எடுத்துவிட்டால் முடிந்தது என்றுதான் இன்றைக்கு மதியம் சாப்பாட்டை பாதியில் மூடி வைத்துவிட்டு வந்தேன். மணி இரண்டரை. கால் வீங்கியிருக்கிறது. செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு சிமென்ட் தரையில் பாதத்தை வைத்தால் ஒரு குளிர்ச்சி, அதிலேயே அப்படியே உட்கார்ந்து தூங்கிவிடலாம் போல.

மார்ச் மாதம் எடுத்த படங்களில் இது இப்படி இல்லை. மார்ச்சில் இதே எண்ணெய், இதே கலவை, இதே இருபத்தெட்டு டிகிரி, அழகாக விரிந்திருந்தது, டீசலுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாத அளவுக்கு. அதை ராகவேந்திரன் சாரிடம் காட்டியபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “லில்லி, இதுதான் உன் தீசிஸ்” என்றார். என் கைடு அவர், அப்படியெல்லாம் லேசில் சொல்லிவிட மாட்டார். இப்போது அதே டேங்க், அதே மீட்டர், அதே இருபத்தெட்டு. சூட்டை அளக்கிற தெர்மோகப்பிள் பொய் சொல்கிறதா? விரலால் டேங்கைத் தொட்டுப் பார்த்தேன், அறையின் சூடுதான். கேமராவா? கேமராவுக்கு என்ன தெரியும், இருப்பதைப் பிடிக்கும். தாணுமாலயன் அண்ணாச்சி அந்தப் பக்கம் பழைய நாசிலைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார், இந்த லேபுக்கு நான் வருவதற்கு முன்பிருந்தே இன்ஸ்ட்ரக்டர், பேச்சு குறைவு. “அண்ணாச்சி, மார்ச்சுக்கு அப்புறம் இதுல எதையாவது மாத்தினீங்களா?” என்று கேட்டேன், சும்மா, பதில் எதிர்பார்க்காமல். “ஒண்ணும் மாத்தலியே மேடம். அந்த ஹீட்டர் மட்டும் ஒயரு கருகிப் போச்சுன்னு போன வாரம் கழத்திப் போட்டேன்.” “எந்த ஹீட்டர்?” “நாசிலைச் சுத்தி ஒரு ஜாக்கெட் உண்டும்லா, அதுக்குள்ள உள்ளது. மெக்கட்ரானிக்ஸ் பிள்ளைங்க புராஜெக்டுக்குப் போட்டது. அது எப்பமும் ஓடிட்டுத்தானே கெடந்துது.” “எப்பவும்னா?” “எப்பமும்தான் மேடம். மெயின் சுவிட்சைப் போட்டா அதுவும் சேந்து போடும்.” துடைப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “என்ன மேடம், தப்பாயிட்டா?”

ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன். வாய் எவ்வளவு பழகியிருக்கிறது அந்த வார்த்தைக்கு. தெர்மோகப்பிள் இருந்தது டேங்கில். டேங்கில் இருபத்தெட்டு. டேங்கிலிருந்து குழாய் வழியாக வந்து, ஜாக்கெட்டுக்குள் நுழைந்து, நாசில் முனைக்கு வரும்போது அறுபதோ அறுபத்தைந்தோ, யாருக்குத் தெரியும், நான் அளக்கவில்லை. எண்ணெயைச் சூடாக்கினால் இளகும். அடுப்பில் தேங்காயெண்ணெய் சட்டியை வைத்தால் தெரியாதா எனக்கு, காலையில் புட்டிக்குள் உறைந்து கிடக்கிறது சட்டியில் தண்ணீராக ஓடுவது. இளகிய எண்ணெய் அழகாகத்தான் விரியும். அந்த அழகுக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி என்று என் கையால் எழுதினேன், ஒன்றல்ல, நூற்றுப்பன்னிரண்டு படத்துக்கு. எழுதி, கையெழுத்துப் போட்டு, அதை வைத்து ஒரு அறிக்கை தயாரித்து, நாற்பது சதவீதக் கலவை எந்த மாற்றமும் இல்லாமல் படகு எஞ்சினில் ஓடும் என்று கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டேன். அந்தத் தடித்த எழுத்தை வைத்துத்தான் தேங்காப்பட்டணத்தில் ஒரு படகுக்கு ஆறு வாரமாக இந்த எண்ணெய் ஊற்றுகிறார்கள். படகு ததேயு அண்ணனுடையது. ஐம்பது வயது, அவரே படகை ஓட்டுகிற ஸ்ராங்க், அவரே எஞ்சின் பார்ப்பார், என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஆறு வாரத்துக்கு முன்னால் ஃபில்டர் மாற்றிக் காட்டப் போனபோது அவருடைய மனைவி நெத்திலி பொரித்துக் கொடுத்தாள், விரலெல்லாம் எண்ணெய், கை கழுவ வாளியில் வெள்ளம் மொண்டு ஊற்றியது அவர்தான். காலையில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார், இன்னிக்கு மூணு மணிக்கு மேல கடல்ல எறங்குகோம் டீச்சர், பன்னிரண்டு நாள், ஜெபத்தில் நினைச்சுக்கோங்க. கைகூப்புகிற இமோஜி ஒன்றை அனுப்பிவிட்டு நான் பஸ்ஸில் ஏறினேன்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது, ஆறு வாரமாக ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. ஓடாவிட்டால் சொல்லியிருப்பார். சொன்னார்தானே, இரண்டு வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது. “டீச்சர், உங்க எண்ணெய் நல்ல எண்ணெயாக்கும். எஞ்சின் ஆயில் கொறையவே மாட்டேங்குது. அளவுக் கம்பியை உருவிப் பாத்தா மட்டம் ஏறியில்லா இருக்கு.” அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பஸ் வந்தது. ஏறினேன். ஏறியில்லா இருக்கு. ஏறியில்லா இருக்கு. எஞ்சின் ஆயில் எப்படி ஏறும்? ஆயில் குறையும், அல்லது அப்படியே இருக்கும், ஏற வேண்டுமென்றால் வேறு ஏதோ வந்து சேர வேண்டும். கம்பி மாதிரி இறங்குகிற இந்த வெள்ளைக் கோடு சிலிண்டர் சுவரில் போய் அடிக்கிறது, எரியாமல் சுவரோடு வழிகிறது, பிஸ்டனைத் தாண்டி கீழே ஆயிலில் சொட்டுகிறது. டீசல் என்றாலாவது ஆயில் சூட்டில் கொஞ்சம் ஆவியாகிப் போகும். இது போகாது. இது இருந்துகொள்ளும். இருந்து இருந்து ஆயிலைத் தண்ணீராக்கும். தண்ணீராகிப் போன ஆயிலில் பேரிங் எத்தனை நாள் ஓடும்? இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்ததா? அந்த வார்த்தை காதில் விழுந்தபோது உள்ளே எங்கேயோ ஒரு சின்ன இடறல் இருந்தது, இருந்ததுதான், பல்லிடுக்கில் சிக்கின நார் மாதிரி, நாக்கால் ஒருமுறை தொட்டுவிட்டு விட்டுவிட்டேன். அன்றைக்கு அசதி. அன்றைக்கு வெயில். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு காரணம் இருந்திருக்கிறது.

உடனே போனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. சரிபார்த்துவிட்டுச் சொல்வோம் என்று தோன்றியது, அப்படித்தானே படித்திருக்கிறோம், ஒரு படத்தை நம்பாதே, திரும்ப எடு. “அண்ணாச்சி, அந்த ஹீட்டர் வேறு ஒயரில் ஓடுமா?” ஓடும் என்றார். அவர் ஒயரைச் சீவி, டேப் சுற்றி, ஜாக்கெட்டைத் திரும்ப மாட்டுவதற்குள் மூன்று மணி ஆகிவிட்டது. நாசில் முனையிலேயே இன்னொரு தெர்மோகப்பிளைக் கட்டச் சொன்னேன். நான் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்று, முப்பத்தாறு, நாற்பது. மின்விசிறி டக் டக்கென்று ஒரு பக்கமாக இடிக்கிறது, அதையும் யாரும் சரிசெய்வதில்லை. இந்த லேபில் டீசல் மணத்தோடு ஒரு பலகாரக்கடை மணமும் சேர்ந்திருக்கிறது, பயோடீசலின் மணம் அது. அப்பாவின் சட்டையில் வெறும் டீசல் மணம்தான். மார்த்தாண்டத்தில் அப்பா டீசல் பம்ப் மெக்கானிக், பஸ்காரர்களும் லாரிக்காரர்களும் நாசிலை அவரிடம்தான் கொண்டுவருவார்கள். ஒரு கைப்பிடியை அழுத்தினால் நாசில் வழியாக டீசல் சீறும், அப்பா அதைக் கண்ணால் பார்ப்பதை விடக் காதால்தான் பார்ப்பார். நல்ல நாசில் கிர்ர்ரென்று அதிரும், கெட்ட நாசில் சும்மா ஒழுகும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் பக்கத்தில் நிற்பேன், கிட்ட வராத, கையை நீட்டாத, அது தோலைத் துளைச்சிரும் என்பார். ஒரு புதன்கிழமை அவர் விரலைத்தான் துளைத்தது. முள் குத்தின அளவு கூட இல்லை, ரத்தம் வரவில்லை, அப்பா விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, ஒண்ணுமில்ல என்று சொல்லி, மீதியிருந்த ஆறு நாசிலையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். ராத்திரி விரல் வீங்கியது. வியாழன் முழுக்க அப்படியே வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை நெய்யூர் ஆஸ்பத்திரியில் இரண்டாவது கணு வரைக்கும் எடுத்துவிட்டார்கள். முதல் நாளே வந்திருந்தா விரல் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அம்மா அதை யார் வந்தாலும் சொல்வாள், அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ஐம்பத்திரண்டு, ஐம்பத்தேழு, அறுபத்திரண்டு. “இப்ப அடிங்க அண்ணாச்சி” என்றேன். அவர் பொத்தானை அழுத்தி எண்ணெயைச் சீறவிட்டார். திரையில் விரிந்தது. மார்ச்சில் பார்த்த அதே படம், அதே அழகு, பிச்சிப்பூவைக் கவிழ்த்த மாதிரி.

அப்போதும் போனை எடுத்து ராகவேந்திரன் சாரைத்தான் கூப்பிட்டேன், ததேயு அண்ணனை அல்ல. இத்தனை வருஷத்தில் ஒரு முடிவையும் அவரைக் கேட்காமல் எடுத்ததில்லை, அந்தப் பழக்கம்தான் விரலை நகர்த்தியது. சார் பொறுமையாகக் கேட்டார். ஒரு முறை இருமினார். “சரி, ஜாக்கெட் சூடா இருந்தது. எஞ்சின் ஓடும்போது நாசில் தானா சூடாகத்தானே செய்யும் லில்லி? உன் மார்ச் படம் நிஜத்துக்குக் கிட்டத்தான் இருக்குன்னு கூட வாதாடலாம்.” நியாயமான பேச்சு. ஒரு நிமிஷம் அதில் சாய்ந்துகொண்டேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி தோளில் தூக்கத்தில் சாய்கிற மாதிரி. பிறகு சொன்னேன், “லோடுல ஓடினா சூடாகும் சார். இவங்க தூண்டில் போட்டுட்டு எஞ்சினை மணிக்கணக்கா ஸ்லோவுல விட்டிருப்பாங்க, லைட்டுக்கும் கயிறு இழுக்குற வின்ச்சுக்கும். அப்ப சூடு கிடையாது. ஆயில் மட்டம் ஏறியிருக்குன்னு அவரே சொன்னார்.” “எப்ப சொன்னார்?” “ரெண்டு வாரம் முன்னாடி.” “நீ என்கிட்ட சொல்லலையே.” “சொல்லல சார்.” அவர் திரும்ப இருமினார். “திங்கட்கிழமை ரிவ்யூ இருக்கு. அதுல எடுத்து வைப்போம். எழுத்துல போகணும், வாய்மொழியா யார்கிட்டயும் எதுவும் சொல்லிராத. ஆறு வாரம் ஓடினது இன்னும் நாலு நாள் ஓடாதா?” கெட்ட மனுஷர் இல்லை. எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது என் வகுப்பையெல்லாம் அவரே எடுத்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, அவருக்கும் இது கடைசி புராஜெக்ட், அவர் குரலிலும் என் கால் வலி இருந்தது. சரி சார் என்று வைத்துவிட்டேன். வைத்துவிட்டு, மேசையில் கிடந்த திருத்தாத விடைத்தாள் கட்டை அவிழ்த்தேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல, ஒரு தாளைத் திருத்தினேன், ஒரு முழுத் தாளை. நான்காவது கேள்வி, எரிபொருளின் பாகுத்தன்மை தெளிப்பை எவ்வாறு பாதிக்கும். அந்தப் பிள்ளை சரியாக எழுதியிருந்தாள். துளி பெரிதாகும், தூரம் அதிகமாகும், விரியும் கோணம் குறையும், சுவரில் படியும், மசகெண்ணெய் நீர்க்கும். ஐந்துக்கு ஐந்து போட்டேன். சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை அவர்கள் எங்கே இருப்பார்கள்? அதை இதுவரை நினைக்காமலே இருந்தேன் என்பதுதான் ஆச்சரியம், நாசிலையும் ஜாக்கெட்டையும் அறிக்கையையும் சாரையும் நினைத்தேன், கடலை நினைக்கவில்லை. நாலு நாள் போனால் கரையிலிருந்து போன் பிடிக்காத தூரம். எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் லைட் கிடையாது, வின்ச் கிடையாது, கப்பல் போகிற பாதையில் இருட்டில் ஒரு மரக்கட்டை மாதிரி மிதக்க வேண்டும். எத்தனை பேர்? அவர் ஒருமுறை சொன்னார், எட்டு. முகம் எதுவும் நினைவுக்கு வரவில்லை, ஒருவன் மட்டும் தலையில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தான், ஏணியைப் பிடித்துக்கொண்டு, பாத்து எறங்குங்க டீச்சர் என்றான். கடிகாரம் பார்த்தேன், நாலாக இன்னும் எட்டு நிமிஷம். மூன்று மணிக்கு மேல் என்றால் இந்நேரம் போயிருப்பார்கள். போயிருந்தாலும் கொஞ்ச தூரம் வரை டவர் கிடைக்கும். ததேயு அண்ணனின் எண்ணைத் தேடி அழுத்தினேன். அடித்தது. ஆறு முறை அடித்தது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன்.

“டீச்சர்! இப்பத்தான் ஐஸ் ஏத்தி முடிஞ்சுது. வண்டி லேட்டாக்கும். இன்னா கயிறு அவுக்கப் போறோம், என்னத்துக்கு விளிச்சிய?”

“அவுக்காதீங்க. ததேயு அண்ணே, போகாதீங்க.”

“என்ன டீச்சர்?”

“எஞ்சின் ஆயில் கம்பியை உருவிப் பாருங்க. இப்பவே. நான் போன்லயே இருக்கேன்.”

ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. காலடிச் சத்தம் கேட்டது, யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம், ஒரு இரும்புக் கதவு திறக்கிற சத்தம். மோட்டார் நின்றது. தாணு அண்ணாச்சி என் எதிரே வந்து நின்றுகொண்டிருந்தார், கையில் அந்தக் கருகின ஒயர்.

“ஏறித்தான் இருக்கு. அன்னைக்குப் பாத்ததைவிட ரெண்டு விரக்கடை கூட.”

“விரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க.”

இரும்பில் கம்பி உரசுகிற சத்தம் கேட்டது.

“வெள்ளம் மாதிரி இருக்கு டீச்சர்.” குரல் மாறியிருந்தது. “பிடிமானமே இல்ல. உங்க எண்ணெய் மணக்குது.”

சொன்னேன். சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. அந்த எண்ணெய் சரியாகத் தூளாகாமல் சிலிண்டர் சுவரில் அடித்து வழிந்து ஆயிலில் கலந்திருக்கிறது, இந்த ஆயிலோடு போனால் பேரிங் பிடித்துவிடும், ஒருநாள் ஓடலாம், ஐந்து நாள் ஓடலாம், எப்போது நிற்கும் என்று எனக்கே தெரியாது. ஆயில் முழுவதையும் இறக்க வேண்டும், டேங்கில் இருப்பதை எடுத்துவிட்டு வெறும் டீசல் ஊற்ற வேண்டும், பேரிங்கைத் திறந்து பார்க்காமல் நகரக் கூடாது.

“அப்ப ஓடும்னு எழுதித் தந்தது?”

“தப்பா எழுதிட்டேன். சூடு அளந்தது தப்பு. என் தப்புதான்.”

“எட்டு பேரு டீச்சர்.”

“ஆமா.”

“இது எப்பம் தெரிஞ்சுது உங்களுக்கு?”

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. “மூணு மணிக்கு முன்னாலேயே தெரிஞ்சுது.”

“இப்ப நாலு.”

“ஆமா அண்ணே.”

“ஐஸ் வண்டி நேரத்துக்கு வந்திருந்தா நாங்க மூணேகாலுக்குப் போயிருப்போம்.” சத்தம் போடவில்லை அவர். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்னால் யாரோ, என்னவாம் ஸ்ராங்கே, போவலாமா என்று கேட்டார்கள். அவர் என்னிடம், “நாளைக்குக் காலைல வாருங்க. வந்து இவனுவ எட்டுப் பேருக்கும் நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வராது. நல்ல எண்ணெய், நம்பி ஏறுங்கலேன்னு சொன்னது நானாக்கும்” என்றார்.

“வர்றேன்.”

அவர் வைத்துவிட்டார். சாருக்கு ஒரு வரி அனுப்பினேன், படகை நிறுத்தச் சொல்லிவிட்டேன் சார், அறிக்கையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதுகிறேன் என்று. அனுப்பிய உடனே போன் அதிர்ந்தது, எடுக்கவில்லை, கவிழ்த்து வைத்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை, ஒரு பெரிய தூக்கம்தான் வந்தது, எலும்புக்குள்ளிருந்து வருகிற மாதிரி. என்ன சொல்வேன் அவர்களிடம்? பாகுத்தன்மை என்றா? நாசில், ஜாக்கெட், தெர்மோகப்பிள் என்றா? நான் பார்த்து எழுதவில்லை, அவ்வளவுதான். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், அரை நிமிஷம், அதற்குப் பிறகு அங்கே நிற்க வேண்டுமே, அந்த எட்டு முகங்களுக்கு முன்னால், அவர்கள் பேசி முடிகிற வரைக்கும். லீவு போட வேண்டும். ஒரு தாளை எடுத்துத் தேதி போட்டேன். தாணு அண்ணாச்சி நகரவில்லை.

“காலம்பற போணுமா மேடம்?”

“ஆமா.”

“நானும் வாறேன். அந்த ஹீட்டர் ஓடிட்டுக் கெடக்குன்னு நான்லா சொல்லியிருக்கணும்.”

“நான்தானே உங்ககிட்ட கேட்டிருக்கணும் அண்ணாச்சி. நீங்க எதுக்கு...” வேண்டாம் என்று முடிக்கத்தான் வாயெடுத்தேன். அவர் மெயின் சுவிட்சை அணைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, வடசேரியில் இருந்து தேங்காப்பட்டணத்துக்கு ஆறேகாலுக்கு ஒரு பஸ் உண்டு, அதை விட்டால் ஏழு மணிக்குத்தான் என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.